அடுத்தது உங்க பாட்டுத்தேன்

1981 செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. காலை நாலரைக்கு எழுந்தேன். அடிபம்பில் தண்ணீர் அடித்துத் தொட்டியை நிரப்பினேன். ஞாயிறு என்பதால் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். சவரம் செய்துகொண்டு, செருப்பைத் துடைத்து வைத்தேன். என் மகளுக்கு அன்று காதுகுத்து என்பதைத் தவிர வழக்கமான ஞாயிறுதான்.

ஆறு மணிக்கு மொட்டைமாடிக்குப் போனேன். மைக்செட்காரர் முந்தின நாள் மாலையே இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டிவிட்டிருந்தார். ஒன்று தெருவைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. சரி. இன்னொன்று தலையைக் கவிழ்த்துப் பந்தல் வாசலையே குறி வைத்துக்கொண்டிருந்தது. அது சரியில்லை. கீழே இறங்கி அவரிடம் சொன்னேன்.

"அண்ணே, ஒரு கூம்பு கீழ பாத்துக்கிட்டு இருக்கு."

"பாக்கட்டும் சார்."

"காத்துல சாஞ்சிருச்சு போல."

"காத்துக்கு அம்புட்டுத் தெம்பு ஏது? நாந்தேன் சாச்சேன். வாசலுக்கும் கொஞ்சம் கேக்கட்டுமே."

வாசலில் நிற்பது இரண்டு வாழைமரம். அவற்றுக்கு எதற்குப் பாட்டு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரிடம் காரணம் கேட்டால் காரணம் வராது, டீ வரும்.

வில்லாபுரத்தில் எங்கள் பகுதியில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் அந்தக் காலத்தில் இவர்தான். நல்ல உயரம். இஸ்திரிப் பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சீப்பு, கழுத்தைச் சுற்றி வாசனைப் பவுடர். பந்தலில் புதிதாக நுழைகிறவர்கள் இவரைப் பெண்ணின் பெரியப்பா என்று நினைத்துக் கும்பிடுவார்கள். இவரும் மறுக்காமல், "வாங்க வாங்க, சாப்பிட்டுத்தேன் போகணும்" என்பார்.

மற்ற மைக்செட்காரர்களிடம் ஒரு ரிக்கார்டு பிளேயர்தான் இருக்கும். ஒரு பாட்டு முடிந்து, தட்டை எடுத்து, அடுத்ததை வைத்து, முள்ளை இறக்குகிறவரை கூம்பு சும்மா கரகரத்துக்கொண்டிருக்கும். இவர் இரண்டு பிளேயர்களை அருகருகே வைத்திருந்தார். ஒன்றில் பாட்டு அடங்கும்போதே மற்றதில் அடுத்தது கிளம்பிவிடும். நடுவில் ஒரு தும்மல் போட இடம் கிடைக்காது.

"சத்தம் நின்னா கூட்டம் தன்னப் பத்தி நெனைக்க ஆரம்பிச்சுரும் சார். அப்பறம் யாருக்கு எந்த வரிசையில எலை போட்டாகங்கிற பேச்சு வந்துரும்" என்பார்.

பாட்டுப் போடுகிற எல்லாரும் பாட்டைக் கேட்பார்கள். இவர் பாட்டைக் கேட்டு நான் பார்த்ததில்லை. விரல்கள் தட்டைத் தேடி எடுக்கும், முள்ளை வைக்கும். கண்கள் மட்டும் பந்தலில் மேய்ந்துகொண்டே இருக்கும்.

முதன்முதலில் அவரைப் பார்த்தது என் கல்யாணத்தில். பந்தலில் எது எங்கே என்று நான் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டு வைத்திருந்தேன். மைக்செட்டுக்கு மீட்டர் பெட்டியை ஒட்டிய மூலை. வயர் குறைவாகச் செலவாகும். வந்தவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பந்திக்கும் சமையல் கொட்டகைக்கும் நடுவில் போட்டார்.

"அங்க கோடு போட்டிருக்கேனே அண்ணே."

"நல்ல கோடு சார். அங்கன உக்காந்தா செவரு நல்லாத் தெரியும்."

அவருக்கு என்ன தெரிய வேண்டியிருந்தது என்பது சாப்பாட்டு நேரத்தில் விளங்கியது. முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. இரண்டாவது பந்திக்காரர்கள் அவரவர் பிடித்த நாற்காலிக்குப் பின்னால் நின்று, சாப்பிடுகிறவர்களின் முதுகை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சமையல்காரர் கொட்டகையிலிருந்து கரண்டியைத் தூக்கிக் காட்டினார். அடுத்த உலைச் சோறு வேகவில்லை என்று அர்த்தமாம். உடனே கூம்பில் ஒரு சோகப் பாட்டு வந்தது. பந்தி முழுக்கக் கைகள் மெதுவாயின. ஒருவர் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ நினைத்துத் தூரத்தைப் பார்த்தார். அது முடிந்து இன்னொரு சோகம். பிறகு கரண்டி கீழே இறங்கியது. கூம்பில் துள்ளல் பாட்டு ஒன்று குதித்தது. பாயசத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு முதல் பந்தி எழுந்துபோனது. தங்களை யார் எழுப்பினார்கள் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

இப்படிப்பட்டவரிடம் விருப்பப் பாட்டுக் கேட்டு வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாருக்கும் ஒரே பதில்தான்.

"அடுத்தது உங்க பாட்டுத்தேன்."

கல்லூரிப் பையன்களிடம் சொல்வார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வரும் மாப்பிள்ளைத் தோழர்களிடம் சொல்வார். எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தாசில்தாரிடம் ஒரே கல்யாணத்தில் மூன்று முறை சொன்னார். அடுத்தது அவர்கள் பாட்டாக இருக்கவே இருக்காது. அதில் யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை. அதுதான் எனக்குப் புரியாத விஷயம். அந்தத் தாசில்தார் தாம்பூலப் பையோடு கிளம்பும்போது மேசைக்கு வந்து, "நம்ம பாட்டப் போட்டுட்டீங்க, ரொம்ப சந்தோஷம்" என்று கைகூப்பினார். அந்தப் பாட்டு போடப்படவே இல்லை. நான் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டவன்.

"ஏண்ணே, கேக்குறவங்க பாட்ட ஒருநாளும் போட மாட்டீங்களா?" என்றேன்.

"கேக்குறவருக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுபோச்சுல்ல சார்? அவரே சொல்லிட்டாரு. அதுல எனக்கு என்ன வேல இருக்கு? வாயத் தொறக்காம உக்காந்திருக்காக பாருங்க இத்தன பேரு, அவுகளுக்கு என்ன வேணும்னு பாக்குறதுதேன் நம்ம சோலி. அவுக மொகத்தக்கூடப் பாக்கக் கூடாது. மொகம் பொய் சொல்லும். கையப் பாக்கணும்."

நானும் அந்த ஏமாந்த கூட்டத்தில் ஒருவன்தான். என்னிடம் ஒரு வயலின் இசைத்தட்டு இருந்தது. டவுன் ஹால் ரோட்டில் நானே தேடி வாங்கியது. அதைக் கல்யாணத்தன்று அவரிடம் கொடுத்தேன். வாங்கி, உறையை இரண்டு பக்கமும் பார்த்து, "அருமையான தட்டு சார். அடுத்தது இதுதேன்" என்றார். பிறகு எங்கள் கிரகப்பிரவேசம், தம்பி கல்யாணம், மகளுக்குப் பெயர் வைத்த விசேஷம் எல்லாம் வந்துபோயின. ஒவ்வொரு முறையும் நான் மேசைக்குப் போவேன். "பெட்டியிலதேன் இருக்கு சார், ஒரு கீறல் விழுகல" என்பார். விழாதுதான். முள் பட்டால்தானே கீறல்?

ஒரே ஒரு முறை அவர் கை தவறி நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு சடங்கு வீடு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் ஏதோ ஒரு தாலாட்டுப் பாட்டைப் போட்டார். எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனாள். மூன்று மாதத்துக்கு முன்னால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அதுகூடத் தெரியாது. இலை மடிந்ததை மட்டும் பார்த்தார். பாதியிலேயே மற்ற தட்டுக்கு மாற்றிவிட்டு, அந்தத் தட்டை உறையில் போட்டு அடியில் சொருகினார். "நல்ல பாட்டுத்தேன் சார். இந்தத் தெருவுக்கு இல்ல" என்றார். அன்று முழுவதும் சீப்பை எடுக்கவில்லை.

இந்த மனிதரின் கையில்தான் என் மனைவியின் பிறந்த வீடு போய் மாட்டிக்கொண்டது.

என் மனைவிக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவர் உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊரில் விவசாயம். சின்னவர் ஒத்தக்கடையில் இரும்புச் சாமான் கடை. ஊரில் இருவருக்கும் பங்கான கிணற்றில் மோட்டார் ஓட்டுகிற முறையில் ஆரம்பித்த தகராறு முற்றி, இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். வலது காதுக்குப் பெரியவர் மடி, இடது காதுக்குச் சின்னவர் மடி என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லி, இரண்டு பேரிடமும் சம்மதம் வாங்கிவிட்டாள். மடியைப் பிரிக்க முடிந்தது. பாட்டைப் பிரிக்க முடியவில்லை.

தாய்மாமன் தெருமுனையிலிருந்து சீர்த்தட்டுகளோடும் கொட்டோடும் கிளம்பும்போது, கூம்பில் தாய்மாமன் பெருமை பாடுகிற பாட்டு ஒலிக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. அந்தப் பாட்டுக்கு நடந்து வருகிறவர்தான் மாமன். வேறு பாட்டுக்கு வந்தால் அவர் விருந்தாளி. "மூத்தவன் நான்" என்றார் பெரியவர். "தங்கச்சி கல்யாணத்த எடுத்து நடத்துனது நான்" என்றார் சின்னவர். பாட்டு இல்லையென்றால் சீரோடு அப்படியே திரும்பிவிடுவதாக இருவருமே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை மாலைதான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. இருவரும் தனித்தனியாக மைக்செட்காரரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"என்னண்ணே சொன்னீங்க அவங்ககிட்ட?"

"என்ன சொல்லுவேன்? அது உங்க பாட்டுத்தேன்னேன்."

"ரெண்டு பேருகிட்டயுமா?"

"ரெண்டு பேரும்தானே வந்தாக."

என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அண்ணே, எனக்கு அப்பாவும் இல்ல அம்மாவும் இல்ல. இவுக ரெண்டு பேருல ஒருத்தர் வாசலோட திரும்பிட்டாலும், நாளைக்கு நான் எந்தப் பக்கம் போயி நிப்பேன்? ஒருத்தர் வீட்டுக்குப் போனா இன்னொருத்தர் கதவு அடைச்சுக்கிரும்."

அவர் கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்தார். தேங்காய் மூடியில் துருவ ஒன்றும் மிச்சமில்லை. அவள் துருவிக்கொண்டே இருந்தாள். அவர் எழுந்து ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

இனி ஞாயிற்றுக்கிழமை. காலை உணவு முடிவதற்குள் பெரியவர் கூட்டம் பஸ் நிற்கிற முனைக்கு வந்துவிட்டது. சின்னவர் கூட்டம் எதிர்முனையில், பிள்ளையார் கோவிலடியில். இரண்டு முனைக்கும் நடுவில் எங்கள் வீடு. இரண்டு கூட்டமும் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு டீ குடித்தது. யாரும் கிளம்பவில்லை. அவரவர் பாட்டு வந்தால்தானே கிளம்புவார்கள்? கூம்பில் பக்திப் பாட்டு வந்தது, காதல் பாட்டு வந்தது, குழந்தைப் பாட்டு வந்தது. அந்தப் பாட்டு மட்டும் வரவில்லை. காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். சோதிடர் குறித்துக் கொடுத்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நேரம் போகுது."

"போகட்டும் சார். ரெண்டு பக்கமும் காலு இன்னும் ஊனித்தேன் நிக்கிது. தட்டத் தூக்குற பொம்பளைக கால மாத்தி மாத்தி வைக்கிற நேரம் வரணும். அப்பத்தேன் போட்டா நடப்பாக. போட்டா நிக்க மாட்டாக."

தெருவின் இரண்டு முனையும் தெரிகிற மாதிரி மேசை போட்டிருந்தவர் எதைப் பார்த்தாரோ, சட்டென்று முள்ளை இறக்கினார். தாய்மாமன் பாட்டு.

"ஏய், கெளம்புங்கடா! நம்ம பாட்டு!" பெரியவர் முனையிலிருந்து சத்தம். கோவிலடியிலும் அதே சத்தம் என்று பிறகு சொன்னார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பாட்டுக்குக் கொட்டோடு நடந்து வந்தன. வெயிலில் காத்திருந்த வேகம் வேறு. வாழைமரம் கட்டிய வாசலில், ஒரு கை தூரத்தில், இரண்டு மாமன்களும் நேருக்கு நேர் நின்றார்கள். பெரியவர் தோளில் மாலை. சின்னவர் தோளிலும் மாலை. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினார். என் மனைவி அடுப்படி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மைக்செட்காரர் சத்தத்தைக் கூட்டினார். கவிழ்ந்திருந்த கூம்பு எதற்கு என்று எனக்கு விளங்கியது.

பெரியவர் வாய் திறந்து மூடியது. சின்னவர் வாய் திறந்து மூடியது. ஒரு சொல் கேட்கவில்லை. இரண்டு மீன்களைப் போல இருந்தார்கள். பெரியவர் கையை விசிறி "என்ன?" என்று சைகை காட்டினார். சின்னவர் இன்னும் கத்தினார், கழுத்து நரம்பு புடைத்தது, ஒன்றும் வரவில்லை. பெரியவர் ஒரு பிடிவாதக்காரர். தன்னை யாராவது திட்டினால் முழுதாகக் கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்வார். அவர் குனிந்து காதைக் கொடுத்தார். சின்னவர் அண்ணன் தோளைப் பிடித்து இழுத்து, காதோடு வாய் வைத்துக் கத்தினார். பதிலுக்குப் பெரியவர் தம்பியின் பிடரியைப் பிடித்து, அவர் காதில் வாயை வைத்தார்.

பின்னால் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? மூன்று வருடம் பேசாத அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கிறார்கள். முதலில் உசிலம்பட்டிப் பெண்கள் குலவை போட்டார்கள். ஒத்தக்கடைப் பெண்கள் விடுவார்களா? அவர்களும் போட்டார்கள். போட்டோகாரர் விளக்கை மின்னவிட்டார். அந்த நொடியில் பாட்டு மாறியது. துளி இடைவெளி இல்லாமல் கெட்டிமேளம். அதைக் கேட்டால் காலம்காலமாக நம் கூட்டம் என்ன செய்யுமோ அதைச் செய்தது. பின்னாலிருந்து நெருக்கியது. தட்டுகள் முதுகில் இடிக்க, இரண்டு மாமன்களும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஒரே நேரத்தில் வாசலுக்குள் வந்து விழுந்தார்கள். யார் முதலில் என்று இன்றுவரை சொல்ல முடியாது.

வலது காது பெரியவர் மடியில், இடது காது சின்னவர் மடியில், குறித்த நேரத்துக்குள் முடிந்தது. மகள் இரண்டு மடியிலும் ஒரே மாதிரி கத்தினாள்.

பந்தியில்தான் அடுத்த அநியாயம் நடந்தது. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனதால் இரண்டு காதாலும் கேட்டேன். மைக்செட்காரர் பெரியவர் இலைக்கு எதிரே போய் நின்று, "என்னண்ணே, தம்பி ஒங்க காதுல மன்னிச்சுக்கன்னு சொன்னாராமே?" என்றார்.

பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சுற்றி நாலு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ம். சொன்னான், சொன்னான்" என்றார்.

அங்கிருந்து நேராகச் சின்னவரிடம். "என்னண்ணே, பெரியவரு ஒங்க காதுல வாடா தம்பின்னு கூப்பிட்டாராமே?"

"பின்ன? கூப்பிடாம எங்க போவாரு?" என்றார் சின்னவர்.

மாலையில் பெரியவர் என்னைத் தனியே அழைத்தார். "மாப்ள, அவனே எறங்கி வந்துட்டான். மூத்தவன் நான் அதப் பெருசா வச்சுக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?" சற்று நேரத்தில் சின்னவர் வந்து, "மாப்ள, அவரே கூப்பிட்டதுக்கப்பறம் நான் முறுக்கிக்கிட்டு நின்னா தங்கச்சிக்கு யாரு இருக்கா?" என்றார். அன்று இருவரும் ஊருக்குப் போகவில்லை. பந்தலிலேயே பாய் போட்டுப் படுத்தார்கள். நடுவில் ஒரு பாய் இடம் விட்டுத்தான். ஆனாலும் ஒரே பந்தலில்.

மைக்செட்காரரிடம் கேட்டேன்: "நெசமாவே என்னதாண்ணே பேசிக்கிட்டாங்க?"

"எனக்கென்ன சார் தெரியும்? அம்புட்டுச் சத்தத்துல எனக்கு மட்டும் எப்பிடிக் கேக்கும்?"

மறுநாள் திங்கட்கிழமை. விழித்தபோது கூம்பில் பாட்டுக் கேட்டது. கவிழ்ந்த கூம்பில் மட்டும், மிகத் தாழ்ந்த சத்தத்தில், பந்தல் வாசலைத் தாண்டாத அளவுக்கு. ஒரு பெண் குரல், பழைய மெதுவான பாட்டு. வெளியே போனேன். அவர் ஒரு பக்கம் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சரி, கூட்டம் போய்விட்டது, இனியாவது என் வயலினைப் போடலாமே என்று சொல்லப் போனேன். அவர் உதட்டில் விரலை வைத்து வாசலைக் காட்டினார்.

என் மனைவி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது. கை பாதிக் கோட்டில் நின்றுவிட்டது. விரலிடுக்கிலிருந்து மாவு ஒரே புள்ளியில் விழுந்து சின்னக் குவியலாகிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

"அவ கேட்டாளா?" என்றேன்.

"அவுக என்னைக்கு சார் கேட்டாக? ஒங்க கல்யாணத்துல, குனிஞ்ச தல நிமிராம இருந்தவுக, இந்தப் பாட்டுக்குத்தேன் ஒருக்க நிமிந்தாக. அதுக்கப்பறம் எந்த விசேஷத்துல போட்டாலும், என்ன வேலையா இருந்தாலும், அடுப்படி வாசலுக்கு வந்து நின்னுட்டுப் போவாக."

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததைக்கூட எழுதுகிறவன். இது என்னிடம் எங்கும் இல்லை.

பாட்டு முடிந்தது. முதன்முறையாக அவர் அடுத்த தட்டைத் தொடவில்லை. என் மனைவி குவிந்த மாவை விரலால் வழித்துவிட்டு, அடுத்த புள்ளிக்குக் கோட்டை இழுத்தாள். அவர் ஏணியில் ஏறிக் கூம்பின் கட்டை அவிழ்த்தார்.

"அண்ணே, என் தட்டு?"

"பெட்டியிலதேன் இருக்கு சார். அடுத்தது உங்க பாட்டுத்தேன்."

நான் கைகூப்பி, ரொம்ப சந்தோஷம் என்றேன்.